நமது சொல்லுக்கு நமது இல்லம்

மனிதன் தன் எண்ணத்தைப் பிறர்க்கு அறிவிக்கும் வழிகள் காலந்தோறும் மாறி வருகின்றன. ஓலையும் எழுத்தாணியும் போய்த் தாளும் மையும் வந்தன. தபாலும் தந்தியும் வந்தன. அவற்றுள் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் விடைபெற்றும் சென்றது. இக்காலத்திலோ கைப்பேசி வாயிலாகச் சமூக ஊடகங்களில் எழுதுதலே பெருவழக்காயிற்று. திருமணச் செய்தியும் மரணச் செய்தியும், பரீட்சைக் களிப்பும் பிரிவின் துயரமும் அங்கேயே எழுதப்படுகின்றன. ஆயினும், அவ்வெழுத்து எங்கே வைக்கப்படுகிறது, அதற்கு உடையவர் யாவர், அது எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் மூன்று வினாக்களை நம்மிற் பலர் எழுப்புவதில்லை.

ஒருவர் தம் இல்லத்திலேயே ஒரு சமூக ஊடக நிலையத்தை அமைத்து நடத்துதல் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு, அதனால் வரும் நன்மையும் பொறுப்பும் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாகச் சங்கரன்கோவிலில் உள்ள ஓர் இல்லத்தைக் கொள்வோம். பெருநகரத்தில் எளிதாகும் காரியம் விசைத்தறியும் பூச்சந்தையும் உடைய நம் சிறு நகரிலும் ஆகுமா என்று பார்த்தலே மெய்யான சோதனையாம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்கிக்கொள்ளுதல் நலம். "சர்வர்" என்றவுடன் உணவுச்சாலையில் இட்டிலி பரிமாறுபவர் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. கணினித் துறையிற் கூறப்படும் சர்வரும் தொழிலால் அவரினின்று வேறுபட்டதன்று. கேட்பவர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து வைப்பதே இரண்டின் வேலையும். அஃது ஒரு கணினியே. ஆயின், இரவும் பகலும் உறங்காது, வலையின் வழியே வரும் வேண்டுகோளுக்குக் காத்திருப்பது. நாம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காணுந்தோறும் எங்கோ ஒரு சர்வர் அதனை எடுத்துத் தருகின்றது. அந்தச் சர்வர் பிறருடைய கட்டடத்தில் இராமல் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம்.

வாடகை வீட்டின் நிலை

பெருங் கம்பெனிகள் நடத்தும் சமூக ஊடகங்களில் நாம் எழுதுதல் வாடகை வீட்டிற் குடியிருத்தலை ஒக்கும். பணமாக வாடகை வாங்காமையால் அது நமது வீடே என்று எண்ணி மயங்குகிறோம். வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் நாளிலேதான் உண்மை விளங்குகின்றது. 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, நம் நாட்டு இளைஞர் பலரும் கூடிய ஆர்க்குட் என்னும் மன்றம் 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-ஆம் நாள் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பெங்களூரில் 2020-ஆம் ஆண்டில் தோன்றித் தமிழிலும் எழுத இடமளித்த "கூ" என்னும் ஊடகம் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அந்தந்த வீட்டில் எழுதியவர்கள் தங்கள் எழுத்தை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தது; மூட்டை கட்டத் தவறியோர் இழந்தனர்.

வீடு மூடப்படாவிடினும் குடியிருப்போர் வெளியேற்றப்படலாம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் உச்சநீதிமன்றத்து மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அவர்களின் டுவிட்டர் கணக்கு நிறுத்தப்பட்டது. நாசி ஆட்சிக் காலத்தில், வணக்கம் செலுத்தும் கூட்டத்தின் நடுவே கைகட்டி நிற்கும் ஒரு தனி மனிதனைக் காட்டும் புகழ்பெற்ற நிழற்படத்தை அவர் தம் பக்கத்தில் வைத்திருந்தார். அது விதிக்கு மாறானது என்பது கம்பெனியின் கருத்து. அம்முடிவை மறுத்த இந்தியர் பலர் அவ்வாண்டு நவம்பரில் மாஸ்டடான் என்னும் வேறொரு வலையமைப்பிற் சென்று கணக்குத் தொடங்கினர். வழக்கின் நியாய அநியாயத்தை ஈண்டு ஆராயப் புகுந்திலோம். நீதிமன்றத்தில் வாதிடுதலையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கும் ஆங்கு வீட்டுக்காரர் தீர்ப்பே முதல் தீர்ப்பாயிற்று என்பதே கருதத்தக்கது. மணலின்மேல் வீடு கட்டியவன் உவமையை நம் மாணவர்கள் நன்கு அறிவர். பிறர் மணலின்மேல் கட்டிய வீட்டின் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது.

அச்சியந்திரம் கற்பித்த பாடம்

இந்நிலை முற்றிலும் புதியதன்று. நம் நாட்டு அச்சுத்தொழில் வரலாற்றிலும் இத்தகைய வினா எழுந்து விடையும் கண்டது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், பிறர் அச்சிட்டு அனுப்புவதை நம்பியிராமல் ஆங்கேயே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். யந்திரம் 1712-இல் வந்தது. ஆயினும் யந்திரம் வந்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிடவில்லை. ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துக்கள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. தாள் பற்றாமையால் பொறையாற்றில் காகித ஆலையும் அமைக்க முற்பட்டனர். இவ்வளவு பாடுபட்ட பின்னரே புதிய ஏற்பாடு 1715-இல் முற்றுப்பெற்றது. கருவியைச் சொந்தமாக்கிக்கொள்பவர் அக்கருவிக்குரிய கவலைகளையும் சொந்தமாக்கிக்கொள்ளுகிறார் என்பதை இதனால் அறிகிறோம்.

இரண்டாவது பாடம் யாழ்ப்பாணத்திலிருந்து கிடைக்கின்றது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்து, பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர் ஆறுமுக நாவலர். அச்சின் ஆற்றலை அவர் மிஷனரிமாரிடத்திலேயே கண்டறிந்தார். பின்னர்த் தம் சமயக் கருத்துக்களை வெளியிட விரும்பியபோது, பிறர் அச்சுக்கூடத்தை நாடாமல், 1849-ஆம் ஆண்டில் தமிழகம் போந்து அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். நம் போன்ற மிஷன் கல்லூரியார் இதனை மனக்கசப்பின்றி நினைவுகூரலாம். மாறுபட்ட கருத்துடையார்க்கும் அவரவர் அச்சுக்கூடம் இருந்தமையாலன்றோ தமிழ் உரைநடை இரு தரத்தாராலும் வளம்பெற்றது! ஒரே அச்சுக்கூடம் இருந்து, அதன் உடையவர் விரும்பியதே வெளிவருமாயின், இழப்பு இரு சாரார்க்குமே ஆகும்.

கூட்டமைப்பு இயங்கும் வகை

இனி, வீட்டில் ஒரு சர்வர் வைத்தால் அதில் எழுதுவதை யார் படிப்பர் என்னும் ஐயம் எழும். தனியே நிற்கும் சர்வரை ஒருவரும் எட்டிப் பாரார் என்பது மெய்யே. இவ்விடத்திலேதான் மையமற்ற சமூக ஊடகத்தின் நுட்பம் விளங்குகின்றது.

சங்கரன்கோவிலில் ஒரு வங்கியிற் கணக்குடைய பூ வியாபாரி, மதுரையில் வேறொரு வங்கியிற் கணக்குடையவரிடமிருந்து யூ.பி.ஐ. வாயிலாகப் பணம் பெறுகிறார். இருவரும் ஒரே வங்கியில் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. மின்னஞ்சலும் அத்தகையதே. அவ்வாறே, ஒரு சர்வரில் உள்ளவர் வேறொரு சர்வரில் உள்ளவரைப் பின்தொடரவும், அவர் எழுதியதைப் படிக்கவும், மறுமொழி கூறவும் பொதுவிதி ஒன்று வகுக்கப்பட்டது. ஆக்டிவிட்டிபப் எனப்படும் அவ்விதியை உலக வலைச் சங்கமாகிய டபிள்யூ-3-சி 2018 ஜனவரி 23-ஆம் நாள் ஏற்று வெளியிட்டது. ஒரு வேற்றுமையை மட்டும் கருத்தில் வைக்க வேண்டும். யூ.பி.ஐ.க்கு நடுவே ஒரு தேசிய நிறுவனம் நின்று கணக்கை ஒப்பிடுகின்றது. இங்கோ நடுநாயகம் இல்லை. சர்வரும் சர்வரும் நேரே பேசிக்கொள்ளும்.

இவ்விதியைக் கைக்கொண்ட மென்பொருள்களுள் பெயர்பெற்றது மாஸ்டடான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் 2016-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். 2022 அக்டோபரில் டுவிட்டர் கைம்மாறிய பின்னர், மாதந்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. பின்னர் அவருட் பலர் திரும்பிச் சென்றனர் எனினும், நடுநாயகம் இல்லாத வலையமைப்பும் பெருங்கூட்டத்தைத் தாங்கவல்லது என்பது புலனாயிற்று.

நம் தென்காசி மாவட்டத்திலும் இக்கேள்வி எழுந்துள்ளது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் உடைய ஜோஹோ நிறுவனம் "அரட்டை" என்னும் செய்திச் செயலியை 2021-இல் வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அது நாடெங்கும் பேசப்பட்டபோது, செய்திச் செயலிகள் மின்னஞ்சலையும் யூ.பி.ஐ.யையும் போல ஒன்றோடொன்று பேசவல்லனவாக வேண்டும் என்று அந்நிறுவனத்தை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு அவர்களே வெளிப்படையாகக் கூறினார். வீடு உள்ளூரார் கட்டியதாயின் மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு வழி இருத்தலே அதனினும் பெரிது.

சங்கரன்கோவிலில் ஓர் இல்லம்

இப்பொழுது எடுத்துக்கொண்ட இல்லத்திற்குட் புகுவோம். ஆங்கு வேண்டுவன ஐந்து: யந்திரம், மின்சாரம், விலாசம், பெயர், மென்பொருள்.

யந்திரம் விலையுயர்ந்ததாய் இருக்க வேண்டுவதில்லை. உள்ளங்கையளவினதாகிய ராஸ்பெரி பை போதும். பழைய மடிக்கணினியும் போதும். பழைய மடிக்கணினிக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அதன் மின்கலம் பழுதின்றி இருப்பின், மின்சாரம் நின்றவுடன் அது நின்றுவிடாது. ராஸ்பெரி பை வைப்பவர் சிறு நினைவு அட்டையில் எல்லாவற்றையும் எழுதிவைத்தல் ஆகாது. இடைவிடாது எழுதப்படும் அட்டை விரைவிற் பழுதுறும், எஸ்.எஸ்.டி. என்னும் வட்டே தக்கது.

மின்சாரச் செலவைக் கணக்கிடுவோம். சிறு கணினி சராசரி 10 வாட் கொள்ளுமாயின், ஒரு நாளைக்கு 240 வாட்-மணி, அறுபது நாளைக்கு 14.4 யூனிட் ஆகும். மடிக்கணினி 20 வாட் கொள்ளுமாயின் அதற்கு இருமடங்கு, அஃதாவது 28.8 யூனிட். ஒரு மின்விசிறி இரவும் பகலும் ஓடினால் ஆகும் செலவை விட இது குறைவே. மின்தடை நேரும்போது கணினியைப் போலவே இணையப் பெட்டியாகிய ரவுட்டருக்கும் மின்கலம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கணினி விழித்திருந்தும் வாசற்கதவு சாத்தியிருந்தால் பயன் என்ன?

விசைத்தறி மின்சாரம் நின்றவுடன் நின்று, வந்தவுடன் விட்ட இடத்திலிருந்தே ஓடுவதை நம் ஊரார் அறிவர். மையமற்ற ஊடகமும் அத்தகைய பொறுமை உடையது. நம் சர்வர் சில மணி நேரம் உறங்கினால், வெளியூர்ச் சர்வர்கள் தாம் அனுப்ப வேண்டியதை வைத்துக்கொண்டு இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயலும். முயற்சி பல நாட்கள் தொடர்ந்து தோற்றால் மாத்திரமே அனுப்புதலை நிறுத்தும். மாஸ்டடானில் இவ்வரம்பு ஏழு நாள். ஆகவே அரைநாள் மின்தடைக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

மூன்றாவதாகிய விலாசமே நம் நாட்டில் பெருந்தடை. இணையத்தில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் எண்ணால் ஆகிய விலாசம் உண்டு. பழைய முறையாகிய ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி விலாசங்களே உள்ளன. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த அவ்விலாசங்கள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோயின. ஆகவே இணைய நிறுவனத்தார் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிவிலாசம் கொடுக்கின்றனர். கல்லூரி விடுதியை நினைத்துப் பார்மின். விடுதிக்கு விலாசம் ஒன்றே. மாணவர் வெளியே கடிதம் எழுதினால், அதற்கு வரும் மறுமொழியை விடுதிக் காப்பாளர் உரியவரிடம் சேர்ப்பிப்பார். ஆயின், பெயரும் அறையெண்ணும் இல்லாமல் புதிதாக ஒரு கடிதம் வந்தால் அவர் யாரிடம் கொடுப்பார்? வீட்டுச் சர்வருக்கு வெளியிலிருந்து வரும் வேண்டுகோள் அத்தகைய கடிதமாய் வாசலிலேயே நின்றுவிடுகின்றது.

இதற்கு வழி மூன்று உள. ஒன்று, தனிக்கட்டணம் செலுத்தி மாறாத விலாசம் ஒன்றை இணைய நிறுவனத்தாரிடம் பெறுதல். இரண்டு, ஐ.பி. ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தல். அதில் விலாசங்களுக்குப் பஞ்சமே இல்லை, நம் நாட்டில் அது மிகப் பரவியும் உள்ளது. எனினும் பழைய பதிப்பு மாத்திரம் உடைய சர்வர்கள் நம்மை அடைய முடியாது. மூன்று, வெளியே சிறு வாடகைச் சர்வர் ஒன்றை வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு போன்ற மென்பொருளாற் பாதுகாப்பான சுரங்கவழி அமைத்தல். இம்மூன்றாம் வழியில் வாசல் வாடகையாயினும் வீடு நமதே. எழுத்தும் படமும் நம் அலமாரியிலேயே இருக்கும். வாசற்காரர் மூடிவிட்டால் வேறு வாசல் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது பெயர். எண்ணால் ஆகிய விலாசத்தை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலின் ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு வலைப்பெயரைப் பதிவு செய்துகொள்கிறோம். "இன்" என்று முடியும் நம் நாட்டுப் பெயர்களும், "இந்தியா" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் கிடைக்கின்றன. பெயரைத் தேர்தலில் மிக்க கவனம் வேண்டும். கூட்டமைப்பில் நம்மை அடையாளங் காட்டுவது அப்பெயரே. இடையில் மாற்றினால் வெளியூர்ச் சர்வர்கள் நம்மைப் புதியவராகவே கருதும். புதுப்பிக்க மறந்தால் வீட்டின் கதவெண்ணே பறிபோகும். ஆப்கானிஸ்தானத்தின் குறியீட்டில் முடியும் பெயரை வைத்திருந்த ஒரு மாஸ்டடான் நிலையம், 2024 பிப்ரவரியில் அந்நாட்டு ஆட்சியாளர் அப்பெயரை நிறுத்தியமையால் நின்றுபோயிற்று. சர்வர் பழுதுறவில்லை, பெயர் போயிற்று, அவ்வளவே. அழகுக்காக அயல்நாட்டுக் குறியீட்டை நாடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஐந்தாவது மென்பொருள். மாஸ்டடான் பல வசதிகள் உடையது. ஆயினும் அதற்குக் குறைந்தது 2, செவ்வையாக இயங்க 4 கிகாபைட் நினைவகம் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது திருமணப் பந்தியின் அண்டாவில் இருவர்க்குச் சோறு வடித்தலை ஒக்கும். கோடுசோஷியல் என்னும் இலகுவான மென்பொருள் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கெனத் தனி முகப்பு இல்லாமையால் டஸ்கி போன்ற செயலியின் வாயிலாகப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். விலையின்றிப் பெறலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். இவற்றோடு, வழியில் எவரும் ஒட்டுப் படியாதபடி காக்கும் பூட்டுச் சான்றிதழும் வேண்டும். முன்னர் விலைகொடுத்து வாங்கிய அதனை, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அறநிறுவனம் 2015-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இலவசமாக வழங்கி வருகின்றது. காலந்தோறும் அதனைக் கணினியே புதுப்பித்துக்கொள்ளும்.

காவலும் கடமையும்

நிலையம் எழுந்தது எனக் கொள்வோம். உண்மையான வேலை இனிமேலேதான் தொடங்குகின்றது.

முதற் கடமை படியெடுத்து வைத்தல். வட்டு ஒருநாள் பழுதுறும் என்பது திண்ணம். அந்த நாள் எது என்பதே தெரியாது. ஆகவே எழுத்துக்களும் படங்களும் கணக்குகளின் மறைச்சாவிகளும் மூன்று படிகளாக, இருவேறு வகைக் கருவிகளில், ஒரு படியேனும் வீட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும். எடுத்த படியிலிருந்து நிலையத்தை மீட்க முடிகின்றதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் சோதித்தல் வேண்டும். மறைச்சாவிகளை இழந்தவர், முத்திரை மோதிரத்தை இழந்த அரசனைப் போன்றவர். அவர் ஓலையைப் பிற சர்வர்கள் நம்ப மாட்டா.

இரண்டாம் கடமை பிறர் மறைபொருளைக் காத்தல். மாஸ்டடானில் ஒருவர் மற்றொருவர்க்குத் தனியே எழுதும் செய்தியை, இரு புறத்துச் சர்வர்களையும் நடத்துவோர் விரும்பினாற் படிக்க முடியும். அஃது ஒட்டிய கடிதமன்று, தபால் அட்டையே. வீட்டில் சர்வர் வைத்து நண்பர்க்கும் இடங்கொடுப்பவர் இதனை அவர்கட்கு முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை. படிக்க முடிந்தும் படியாதிருத்தல் அதனினும் மேலான நேர்மை. கம்பெனியார் நம்மை உளவு பார்க்கின்றனர் என்று குறைகூறிப் புறப்பட்டவர், தம் வீட்டில் தாமே சிறு கம்பெனியாகிவிடலாகாது.

மூன்றாம் கடமை வாசற் காவல். யார் வேண்டுமாயினும் கணக்குத் தொடங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், வணிகத் தொல்லையும் இழிசொல்லும் ஒரே வாரத்தில் நிறைந்துவிடும். மேலும், வெளியூர்ச் சர்வர்களின் படங்கள் சில காலம் நம் வட்டிலும் படிந்து கிடக்கும். அவற்றுள் தகாதவையும் இருக்கலாம். குறித்த நாட்களுக்குப் பின் அவற்றைக் கழிக்கவும், தீய நிலையங்களோடு தொடர்பை அறுக்கவும் மென்பொருளில் வழியுண்டு. பிறர் எழுத்தை ஏற்று வெளியிடுபவர், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இடையீட்டாளர் ஆகிறார். 2021 பிப்ரவரியில் வெளியான விதிகள் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனருடைய ஊடகங்களுக்குத் தனிக் கடமைகளை விதிக்கின்றன. எனினும், சிறியவர்க்குக் கடமையே இல்லை என்பது பொருளன்று. நண்பர்களுக்கு இடங்கொடுக்குமுன் அவ்விதிகளைத் திருத்தங்களோடு படித்துணர்தல் அவசியம்.

நான்காவது, திரும்பப் பெற இயலாமை. நாம் எழுதியது நம்மைப் பின்தொடர்வோரின் சர்வர்களுக்குப் படியாய்ச் சென்றுவிடுகின்றது. பின்னர் நாம் அழித்தால், அழிக்குமாறு வேண்டுகோள் செல்லும். ஏற்பதும் ஏலாததும் அவ்வச் சர்வரைப் பொறுத்தது. நமது இல்லம் நமது சொல்லுக்குப் பிறப்பிடமே அன்றிச் சிறைக்கூடம் அன்று.

வீட்டுச் சர்வரால் இயலாதது ஒன்றும் உண்டு. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, 2018 மே 23-ஆம் நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. அந்நாளில் சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரிலே. அத்தகைய நாளில் நம் அலமாரியிலுள்ள சர்வர் வெளியுலகோடு ஒரு சொல்லும் பேச இயலாது. வீட்டிற்குள்ளே இருப்பதைப் படிக்கலாம், அவ்வளவே. சாலை அரசாங்கத்தார் கையிலும் கம்பெனியார் கையிலும் இருக்கும் வரையில், வீடு சொந்தமாயினும் பயணம் நம் வசத்தில் இல்லை. ஆனால் சாலை திறந்த அன்று வீடும் பொருளும் வைத்தபடியே இருக்கும்.

தனியொருவரோ, ஒரு கூட்டமோ

இவ்வளவையும் கேட்ட மாணவர், "பிறர் நடத்தும் நல்ல மாஸ்டடான் நிலையம் ஒன்றிற் சேர்ந்துவிடலாகாதோ?" எனலாம். சேரலாம், தொடக்கத்திற்கு அதுவே தக்கது. ஆயினும் ஒன்றை அறிதல் வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும்போது பின்தொடர்வோர் உடன் வருவர். பழைய எழுத்துக்கள் உடன் வாரா. நடத்துபவர் ஒருவரே ஆயின், அவர் சோர்ந்த நாளில் நிலையமும் சோரும். மாஸ்டடான்.லால் என்னும் நிலையம் ஆயிரக்கணக்கானோர் கூடியதாய் இருந்தும், அதனை நடத்தியவர் தொல்லை பொறாது கைவிட்டமையால் 2023-இல் மூடப்பட்டது. கம்பெனி இலாபமின்றி மூடுகின்றது. தனிமனிதர் உள்ளம் தளர்ந்து மூடுகின்றார். குடியிருந்தவர்க்கு விளைவு ஒன்றே.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இதுவாகும். உலகத்தார் அனைவர்க்கும் ஒரே வீடு என்பதும் ஏற்றதன்று. ஒவ்வொருவரும் தனித்தனியே காவலிருத்தலும் எல்லார்க்கும் இயல்வதன்று. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவினதாகிய சிறு கூட்டமே இதற்கு உரிய அளவு: ஒரு குடும்பம், ஒரு வகுப்பு, ஒரு பழைய மாணவர் சங்கம். இருபது முப்பது பேர்க்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். கட்டணத்தைப் பங்கிட்டால் தலைக்குச் சிறு தொகையே ஆகும். சாவி குறைந்தது இருவரிடத்தில் இருத்தல் வேண்டும். ஒருவர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றால் மற்றொருவர் நடத்துவார். நிலையத்தை அமைக்கும் நாளிலேயே, அதனை மூட நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுப்பது, எழுத்துக்களை எவ்வாறு உரியவரிடம் ஒப்படைப்பது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். உயில் எழுதி வைப்பதால் ஒருவர் விரைவில் இறந்துவிடுவதில்லை. பின்வருவோர்க்குக் குழப்பம் நேராது.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். இக்கல்லூரி ஆண்டு மலரின் பழைய இதழ்கள் நூல்நிலையத்தில் உள்ளன. ஒருவர் தம் இளமையில் எழுதிய கட்டுரையை முதுமையில் வந்து எடுத்துப் படிக்கலாம். அம்மலரை அச்சிட்டவர் யாராயினும் மலர் கல்லூரியினுடையது. நீங்கள் இக்காலத்தில் நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் நினைவுகளும் நிழற்படங்களும் அவ்வாறு நம்முடையனவாய் இருக்கின்றனவா? இல்லையெனின், அவற்றுக்கு ஓர் அலமாரி அமைத்தல் உங்களாலேயே கூடும். கணினித் தொழிலில் தேர்ந்தோர் உங்களுட் பலர் உளர்.

மாணவர்க்கு இன்னொரு சொல். புத்தகத்திற் படித்த வலையமைப்பும் தரவுத்தளமும் மறைக்குறியீடும் ஒரு சிறு சர்வரை ஓராண்டு காத்து நடத்தினால் கைவந்த கல்வியாகும். அதனினும் பெரிது, பிறர் எழுத்துக்குப் பொறுப்பேற்றல் என்னும் கல்வி. முதலில் யாரையும் சேர்க்காமல், உங்கள் பெயருக்கு மாத்திரம் ஒரு நிலையம் அமைத்து ஆறு திங்கள் நடத்திப் பாருங்கள். மின்தடையும் வட்டுப் பழுதும் பெயர்ப் புதுப்பிப்பும் ஒருமுறை வந்து போகட்டும். அதன் பின்னரும் ஊக்கம் குறையாதிருப்பின், இரண்டாம் சாவியை நம்பத்தக்க ஒரு நண்பர் கையிற் கொடுத்து, மூன்றாமவரை உள்ளே அழையுங்கள்.